கரும்பு ஊருக்கு வரும் சி.எஸ்.ஆர். உதவிகள்: மறுதாம்பு வரை நிற்பது எது?

நடவுக் கரும்புக்கு எல்லோரும் வருவார்கள். ஆலையின் கரும்பு அலுவலர் வருவார், நாற்று வரும், உரம் முன்பணமாக வரும், வங்கிக்காரர் கையெழுத்து வாங்க வருவார். வெட்டி முடித்து வண்டி கிளம்பிய பிறகு வயலில் நிற்கும் கட்டையைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் விவசாயிக்குக் கையில் காசு நிற்பது மறுதாம்பில், அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி முளைத்து வளரும் பயிரில்தான். விதைச் செலவு இல்லை, நடவுக்கூலி இல்லை, உழவும் பெரிதாக இல்லை. கவனிப்பு இல்லாததால் அதே பயிர்தான் விளைச்சலில் முதலில் சரிகிறது.

கரும்பு ஊர்களுக்கு வரும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் பொறுப்பு) திட்டங்களிலும் இதையேதான் பார்க்கிறோம். முதல் வருடம் பந்தலும் பெயர்ப் பலகையும் இருக்கும். மூன்றாம் வருடம் கொட்டகை பூட்டிக் கிடக்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு சேவையையும் ஒரே கேள்வியில் எடைபோடுகிறோம்: பணம் போட்ட கம்பெனி விலகிய பின்னும் அந்த ஊர் மறுதாம்புக்கு அது கைகொடுத்ததா?

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் வட்டாரத்தை மனதில் வைத்து எழுதுகிறோம். நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கத்தில் தனியார் ஆலைகள்; மூங்கில்துறைப்பட்டு, பெரியசெவலை, சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு ஆலைகள் என்று இரண்டும் கலந்த பகுதி இது. இந்தக் கலப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் பணம், எந்தக் கணக்கு

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டாலே அந்தக் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கூட்டுறவு ஆலை கம்பெனி கிடையாது, சங்கம். இந்தப் பிரிவு அதைத் தொடாது. ஆகவே கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் ஊருக்கு வங்கி, குளிர்பானக் கம்பெனி, மென்பொருள் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி என்று வெளியிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. தனியார் ஆலைப் பகுதியிலும் லாபம் மெலிந்த வருடங்களில் 2 சதவீதம் என்பது சிறு தொகைதான்.

தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்வதை எந்தக் கம்பெனியும் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக் கூடாது. ஆலை தனக்குப் பதிவான கரும்புக்கு விதைநாற்று கொடுப்பது கரும்பு அபிவிருத்தி வேலை, அதாவது தொழில் செலவு. அதே நாற்றுப்பண்ணையை மகளிர் குழு வருமானத்துக்காக, யார் வேண்டுமானாலும் வாங்கும்படி நடத்தினால் ஊரக மேம்பாடு என்ற தலைப்பில் அடங்கும். கோடு மெல்லியதுதான். இருந்தாலும் விவசாயி அந்தக் கோட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனென்றால் மேடையில் ‘உதவி’ என்று அறிவித்தது கரும்புப் பணப் பட்டியலில் ‘பிடித்தம்’ என்று வந்து நிற்பதுண்டு. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது மானியமா, முன்பணமா? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் விலை 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் அளவு) குவிண்டாலுக்கு 355 ரூபாய், 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு 329.05 ரூபாய். கீழ் விலையிலேயே கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 40 டன் எடுத்தவருக்கு 1,31,620 ரூபாய் வர வேண்டும். அது மூன்று மாதம் நின்றால் வட்டி மட்டும் ஏறக்குறைய 4,900 ரூபாய். ஏக்கருக்குக் கிடைத்த நாற்று உதவி அந்தத் தொகையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பாக்கி வைத்திருக்கும் பகுதியில் எந்த அன்பளிப்பும் அதை ஈடுகட்டாது. இந்த மதிப்பீட்டில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத இடம் இது.

பருச்சீவல் நாற்று: தொடக்கம் நன்று, மார்ச் மாதம்தான் எதிரி

கரும்புக் கணுவில் இருக்கும் முளைப்பருவை மட்டும் சீவி எடுத்துத் தட்டில் வளர்க்கும் நாற்று இது; அதிகம் வருகிற உதவியும் இதுதான். பழைய முறையில் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை (இரண்டு பரு உள்ள கரும்புத் துண்டு) வேண்டும். வெட்டிய கரும்பில் மூன்று டன்னுக்குக் குறையாமல் மண்ணுக்குள் போய்விடும். நீடித்த நவீனக் கரும்பு சாகுபடியில் ஐந்தடி வரிசை, இரண்டடி இடைவெளி. ஏக்கருக்கு 4,356 குழி வரும். போக்கிடம் (பயிர் பட்டுப்போனதால் பிறகு நிரப்ப வேண்டிய இடம்) சேர்த்து 5,000 நாற்று, அதாவது 50 குழித்தட்டில் 100 தட்டு. பருவை மட்டும் சீவி எடுத்த மீதிக் கரும்பு அரவைக்கே போகும்.

வேலை எளிது, ஆனால் ஒவ்வொரு படியிலும் வழுக்கும். விதைக்கரும்பு ஆறிலிருந்து எட்டு மாத வயதில் இருக்க வேண்டும். முற்றிய கரும்பின் அடிப்பருக்கள் முளைக்கத் தயங்கும். சீவிய பருக்களைப் பூஞ்சாணக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் கலந்த கரைசலில் 10–15 நிமிடம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரக்கோணியில் கட்டி இருட்டில் நாலைந்து நாள் வைத்தால் வெள்ளை வேர்முனை தலைகாட்டும். அப்படி முளைவிட்டதை மட்டும் பொறுக்கி, மக்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழியில், பரு மேலே பார்க்கச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். இந்தப் பொறுக்கல்தான் குழுப் பெண்களின் கைத்திறன். பொறுக்காமல் அப்படியே வைக்கிற பண்ணைகளில் தட்டுக்குத் தட்டு பொக்கை விழும். வாங்குகிறவர் 50 நாற்றுக்குக் காசு கொடுத்து 38 எடுத்துப்போவார்.

நாற்று 25 முதல் 35 நாளில் வயலுக்குப் போய்விட வேண்டும். நாற்பத்தைந்து நாள் ஆனதைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் குழியின் வடிவத்திலேயே சுருண்டு, சுருள் கம்பிபோல் இறுகியிருக்கும். நட்டாலும் அந்த வேர் பக்கவாட்டில் ஓடாது. தூர் கட்டுவது தள்ளிப்போகும். இந்தத் தாமதத்துக்குப் பாதிக் காரணம் விவசாயியின் தண்ணீர், மீதிப் பாதி கம்பெனியின் நிதியாண்டு. மார்ச் 31-க்குள் கணக்கு முடிய வேண்டும் என்பதால் நாற்றெல்லாம் மார்ச் கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். டிசம்பர்–ஜனவரி முன்பட்டம் போயிருக்கும், நடுப்பட்டம் முடிகிற நேரம். திறந்த வண்டியில் காற்றடித்து வந்த நாற்றை ஏப்ரல் வெயிலில் நட்டு, பத்தில் மூன்று கருகினால், ‘நாற்று முறை நம்ம ஊருக்கு ஆகாது’ என்று ஊர் முடிவுகட்டிவிடும். முறையில் குற்றம் இல்லை. நாள்தான் தவறு.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. திட்டத்தைத் தொடர்திட்டம் என்று கம்பெனி அறிவித்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். தொடங்கிய வருடம் போக மூன்று ஆண்டு வரை அது நீளலாம். நடவு ஒன்று, மறுதாம்பு இரண்டு என்று கரும்பின் சுற்றுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான நாற்றுத் திட்டங்கள் ஒரு வருடத் திட்டமாகவே வருகின்றன. கம்பெனி ஆட்கள் முதல் கூட்டத்துக்கு வரும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

மறுதாம்புத் தேர்வில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று. வெட்டிய ஒரு மாதத்துக்குள் போக்கிடம் நிரப்பத் தட்டு நாற்றைப் போல வசதியானது வேறில்லை. கரணையை வைத்தால் பக்கத்துக் கட்டையின் வேகத்துக்கு அது எழும்பாது. ஆனால் வெட்டுப் பருவத்தில் போக்கிடம் நிரப்பவென்று ஆயிரம் நாற்றைத் தனியாக வளர்த்துவைக்கும் பண்ணைகள் அரிது. ஒரு குழு அப்படி வைக்கிறது என்றால் அதைத் தேடிப்போய் வாங்குங்கள். தட்டுக்கு முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது கழிக்கிறார்களா என்பதும் நல்ல பண்ணைக்கு அடையாளம். தட்டு திரும்பாத பண்ணை இரண்டாம் வருடம் நடக்காது.

நோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் இன்னும் கோ 86032 ரகம்தான் பெரும்பரப்பு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் தந்த நல்ல ரகம். ஆனால் பல வருடம் அதே வயலின் விதையையே சுற்றிச் சுற்றி நட்டதால் புல்தண்டு, மஞ்சள் இலை நோய்கள் விதையோடு வருகின்றன. காற்றுக் கலந்த நீராவியில் 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ பெருக்கிய தாய்வயல் இல்லாமல், எங்கிருந்தோ வாங்கிய கரும்பைச் சீவி நாற்று செய்தால் அந்தப் பண்ணை நோய் பரப்பும் மையமாகிவிடும். தாய்வயல் எது என்று கேட்டால் கைகாட்டத் தெரிய வேண்டும்.

முட்டை ஒட்டுண்ணி அட்டை: செலவு குறைவு, மதிப்பு அதிகம்

எங்கள் பட்டியலில் முதலிடம் இதற்கே. கரும்பின் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக, அதன் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற மிகச் சிறிய குளவியை வயலில் விடுகிறோம். நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டை, மொத்தம் ஆறு முறை. மகளிர் குழு ஓர் அறையில் கம்பு, சோளக் குருணையில் நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, ஒட்டுண்ணியிடம் கொடுத்துத் தயார்செய்யலாம். பெரிய இயந்திரம் வேண்டாம். அந்துப்பூச்சி வளர்க்கும் தட்டங்கள், புற ஊதா விளக்கு, குளிர்பெட்டி, பொறுமை போதும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒட்டுண்ணி ஏறிய முட்டை கருகருவென்று, கசகசாவைக் கறுப்பாக்கினாற்போல் இருக்கும். வெளிறிய முட்டை அதிகமென்றால் ஒட்டுண்ணி ஏறவில்லை. கறுத்த முட்டையில் ஊசிமுனைத் துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. வெறும் அட்டைக்குப் பணம் கொடுக்கிறீர்கள். குளவி பெரும்பாலும் பேருந்துப் பயணத்தில்தான் பொரிந்துபோகிறது. காலையில் அனுப்பிய அட்டை வெயிலில் கடைவாசலில் கிடந்து மாலையில் கைக்கு வரும். ஊர்க் குழுவே தயாரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம். சைக்கிளில் கொண்டுபோகிற தூரத்துக்குள் ஆய்வகம் இருக்க வேண்டும்.

அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி வயல் முழுதும் பரவலாக, இலையின் அடிப்புறத்தில் ஊசிபோட்டு மாட்ட வேண்டும். காலை இளவெயிலோ மாலையோ நல்லது. மேல்புறம் மாட்டினால் வெயிலும் எறும்பும் முந்திக்கொள்ளும். அட்டை கட்டிய வாரத்தில் பூச்சிமருந்து தெளித்தால் முதலில் சாவது குளவிதான். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டால் பலன் கூடும். குளவிக்கு வரப்பு தெரியாது.

மறுதாம்புத் தேர்வில் ஐந்துக்கு நாலரை. குழுவின் வாடிக்கையாளர் ஊரிலேயே இருக்கிறார்கள், ஆறு முறை வாங்கியாக வேண்டும், நடவுக்கும் மறுதாம்புக்கும் வித்தியாசமில்லை. கம்பெனி விலகினாலும் இயங்க வழி உண்டு. அரை மதிப்பெண் குறைத்தது மின்வெட்டுக்கும் சிலந்திப் பேன், எறும்பு புகுந்து மொத்த வளர்ப்பையும் அழித்துவிடும் ஆபத்துக்கும். தாய் வளர்ப்பை இரண்டு அறைகளில் பிரித்து வைக்காத குழு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழக்கும்.

சொட்டுநீர்: குழாய் வேண்டாம், ஆள் வேண்டும்

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. மற்றவர்க்கு 75 சதவீதம். அரசே குழாய் கொடுக்கும் இடத்தில் சி.எஸ்.ஆர். பணத்தையும் குழாயில் கொட்டுவது வீண். ஐந்தடி வரிசையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,650 மீட்டர் பக்கக்குழாய் ஓடுகிறது. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லாததால்தான் மோட்டார் கொட்டகை ஓரம் சுருட்டிப் போட்ட குழாய்களைப் பார்க்கிறோம்.

அடைப்பு முதல் வினை. போர்வெல் உப்புநீரில் சொட்டுவானின் வாயில் வெள்ளைப் படிவம் கட்டும். வடிகட்டியின் உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும். இரண்டு அழுத்தமானிகள் இருந்தால்தான் இது தெரியும். பல வயல்களில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வேலை செய்வதில்லை. உப்புப் படிவத்துக்கு அமிலம் விட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பயிற்சி வகுப்பில் இந்த ஒரு வரியை மூன்று முறை சொன்னாலும் தகும்.

தீ இரண்டாம் வினை, பெரிய வினையும் இதுதான். வெட்டு முடிந்ததும் சோகையை (காய்ந்த கரும்பு இலைகளை) கொளுத்திவிட்டால் மண்மேல் கிடக்கும் குழாய் முழுதும் உருகிவிடும். அதே நிலத்துக்கு அரசு மானியம் மறுபடி கிடைக்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். நடவில் சொட்டுநீர், மறுதாம்பில் வாய்க்கால் பாசனம் என்று இத்தனை வயல்கள் மாறியதற்கு இந்த ஒரு தீக்குச்சியே காரணம். ஆகவே சொட்டுநீர் உதவியும் சோகை தூளாக்கும் உதவியும் ஒன்றாக வர வேண்டும். ஒன்றை மட்டும் கொடுக்கும் திட்டம் பாதித் திட்டம்.

நாங்கள் கண்டவற்றில் பலன் தந்த ஏற்பாடு: மூன்று நாலு ஊருக்குப் பொதுவாக ஊர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி, இருசக்கர வண்டியில் இணைப்பான், அடைப்பான், துளைக்கருவி, அமிலம், வடிகட்டி வலை, வருகைக்கு இவ்வளவு என்று விவசாயி கொடுக்கும் கட்டணம். கம்பெனி கொடுக்க வேண்டியது முதல் பெட்டிச் சாமானும் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு பகுதியும்தான். குழாய் மட்டும் கொடுக்கும் திட்டத்துக்கு இரண்டு மதிப்பெண். இந்த ஏற்பாட்டுக்கு நாலு.

சோகை தூளாக்கும் இயந்திரம்

வெட்டிய வயலில் ஏக்கருக்கு மூன்று நாலு டன் சோகை கிடக்கும். 45–50 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டி ஓட்டினால் தூளாகி மண்ணை மூடும்; ஈரம் நிற்கும், களை அடங்கும். கட்டையையும் மண்மட்டத்தில் சீவிவிட்டால் புதுத் தூர் கீழிருந்து கிளம்பும். தூள் போட்ட வயலில் முதல் மாதம் பயிர் வெளிறினால் பயப்பட வேண்டாம். சோகையை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்கின்றன. மறுதாம்புக்கு வெட்டிய 5–7 நாளில் பரிந்துரையைவிட 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்து என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதைத் தவறவிடாமல் செய்தால் சரியாகிவிடும். இதைச் சொல்லாமல் இயந்திரத்தை மட்டும் கொடுத்த ஊர்களில், ‘தூள் போட்டால் பயிர் மஞ்சளாகுது’ என்று மறுவருடம் தீக்குச்சிக்கே திரும்பினார்கள்.

காலைப் பனியில் ஈரச்சோகை சுழலியில் சுற்றிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் ஓட்ட வேண்டும். மழுங்கிய கத்தியோடு ஓட்டினால் தூள் விழாது, நீள்நாராகவே விழும். ஒரு செட் கத்தியை எப்போதும் கையிருப்பில் வைக்க வேண்டும்.

இயந்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம். 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்தைப் பயனாளிகளின் சுய உதவிக் குழுவோ கூட்டமைப்போ, பதிவு எண் பெற்ற தொண்டு அமைப்போ, அரசு அமைப்போதான் வைத்துக்கொள்ளலாம். கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. உழவர் உற்பத்தியாளர் குழுவின் பெயரில் இருந்தால் நல்லது. ஆவணத்தின் நகல் குழுவிடம் இருக்கட்டும். தொண்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் திட்டம் முடிந்ததும் வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவதுண்டு.

ஏரி, குடிநீர்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரி தூர்வாரும் உதவியில் ஏரி மட்டும் ஆழமாகி, வரத்து வாய்க்காலும் மதகும் அப்படியே கிடந்தால் தண்ணீர் வராது. வந்தாலும் வயலுக்குப் பாயாது. மதிப்பீட்டுத் தாளில் வாய்க்கால் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கரை அடியில் பள்ளம் தோண்டக் கூடாது; கரை சரியும். அள்ளிய வண்டலைக் கரும்பு வயலுக்கு வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம்: ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. தூர்வாரும் தேதிக்கு முன்பே ஊரார் மனுவைக் கொடுத்துவைத்தால் வண்டல் வீணாகாது. வேலை சரியாக நடந்த ஏரி பத்து மறுதாம்புக்குப் பலன் தரும்.

சுத்திகரித்த குடிநீர் நிலையம் பார்க்க அழகு. இரண்டு மூன்று வருடத்தில் சவ்வு மாற்றும் செலவு வரும்போதுதான் பூட்டு விழும். இருபது லிட்டர் குடத்துக்கு வாங்கும் சில்லறையில் மின்கட்டணம், ஆள் கூலி, வடிகட்டி போகச் சவ்வுக்கென்று தனிச் சேமிப்பு ஒதுக்காத நிலையம் நிற்காது. கழிவுநீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். எடுக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் உப்புக் கூடி வெளியே வரும், அதைக் கரும்பு வாய்க்காலில் விடக் கூடாது.

வெளியில் ஒரு நல்ல முன்மாதிரி

உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய், லக்கிம்பூர் கேரி பக்கம் டி.சி.எம். ஸ்ரீராம் ஆலைகளின் பகுதியில் ‘மீட்டா சோனா உன்னதி’ என்ற கூட்டுத் திட்டம் நடந்தது. ஆலை, கோகோ கோலா, உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எப்.சி., சாலிடரிடாட் என்ற தொண்டு அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தவை. இதில் கவனிக்கத்தக்கது வேலைப் பங்கீடு. வாங்குகிற கம்பெனிக்குத் தன் சர்க்கரை எங்கே, எப்படி விளைந்தது என்று காட்ட வேண்டிய தேவை. ஆலையிடம் தினமும் வயலுக்குப் போகும் களப்பணியாளர். தொண்டு அமைப்பிடம் பயிற்சித் திறன். பயிற்சி களப்பணியாளர்களுக்குப் போவதால் திட்டம் முடிந்தாலும் அறிவு ஆலையில் தங்குகிறது. வருடா வருடம் மாறும் நன்கொடையாளரைவிட, சர்க்கரையை வாங்குகிறவர் பங்காளியாக இருக்கும் கூட்டுக்கு ஆயுள் அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நம் வட்டாரத்தில் மிட்டாய், பானம், பிஸ்கட் கம்பெனிகளை நோக்கி உழவர் குழுக்கள் போக வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

வெட்டாட்கள்: யாரும் தொடாத பக்கம்

கரும்பு ஊர் என்றால் நிலம் உள்ளவர் மட்டும்தான் என்று பெரும்பாலான திட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. கரும்பை வெட்டுகிறவர்கள் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் கல்வராயன், ஜவ்வாது மலைகளிலிருந்தும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்கள். பருவம் முழுதும் வயலோரக் குடிசையில் இருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளி நின்றுபோகும். முன்பணக் கணக்கு தீராமல் இருளர் குடும்பங்கள் கொத்தடிமையாகச் சிக்கி மீட்கப்பட்டதெல்லாம் இதே வட்டாரத்தில் நடந்ததுதான். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த நாட்டில் இது நடக்கிறது. இவர்கள் பயனாளிப் பட்டியலில் வருவதில்லை, கிராமசபையில் குரல் இல்லை, பெயர்ப் பலகைக்கும் இடமில்லை. இந்தப் பகுதியில் நாங்கள் எடைபோட்ட திட்டங்களில் இவர்களுக்கென்று ஒதுக்கிய பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். எங்களுக்குப் பெரும் வருத்தம் தரும் குறை இதுதான்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதைத் தடுக்க, சான் அந்தோனியோ ஆலையும் லா இஸ்லா நெட்வொர்க் என்ற அமைப்பும் சேர்ந்து தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலை முறையாகவே ஆக்கினார்கள். நகர்த்தும் கூடாரம், குறித்த இடைவெளியில் கட்டாய ஓய்வு, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர். நம் ஊர் வெயிலும் குறைந்தது இல்லை.

ஒரு வெட்டுக் கூட்டத்துக்கு வேண்டியவை: மடக்கி எடுத்துப்போகும் நிழல்கூடாரம் ஒன்று, மூடியுள்ள குடிநீர்த் தொட்டி, பெண்களுக்கு நகரும் கழிப்பறை, கையுறை, முழங்காலுக்குக் கீழ் காப்பு, வெட்டுக்காயத்துக்கும் பாம்புக்கடிக்கும் உடனே கூப்பிட 108 எழுதிய அட்டை, முன்பணமும் வெட்டிய டன்னும் வாராவாரம் எழுதும் கைப்புத்தகம் ஆளுக்கு ஒன்று. புத்தகம் மேஸ்திரியின் பையில் இருக்கக் கூடாது, வெட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியில் அந்தப் பருவத்துக்குச் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் பேச ஓர் ஆள். இவையெல்லாம் பருவம் பாதி போன பிறகு வந்து பயனில்லை. ஆலையிலிருந்து முதல் வெட்டு உத்தரவு வருகிற அன்று, கத்தி இறங்குமுன், வரப்பில் இறங்கியிருக்க வேண்டும்.